ஒரு சர்வர் விழுந்தாலும் அலுவலகம் ஓட வேண்டும்: சர்வர் மெய்நிகராக்கத்தைத் திட்டமிடுவது எப்படி?

நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றின் சர்வர் அறையைத் திறந்து பாருங்கள். கணக்கு மென்பொருளுக்கு ஒரு சர்வர், வருகைப் பதிவுக்கு ஒன்று, ஃபைல் ஷேரிங்குக்கு ஒன்று, கொள்முதல், இருப்பு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் ஈஆர்பி மென்பொருளுக்கு இரண்டு, எதற்காக ஓடுகிறது என்று யாருக்கும் நினைவில்லாத, ஆனால் அணைக்கவும் பயமாக இருக்கிற ஒன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில் வாங்கியது. பாதிக்கு மேல் வாரண்டி முடிந்திருக்கும். பகல் முழுக்க சிபியு பயன்பாடு பத்து சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் ஒன்றின் மதர்போர்டு போனால், அந்த வேலை அன்றைக்கு நின்றே போகும்.

இந்த நிலைமைக்கான தீர்வுதான் சர்வர் மெய்நிகராக்கம். பத்துப் பன்னிரண்டு பெட்டிகளுக்குப் பதிலாக இரண்டு மூன்று வலுவான பெட்டிகளை வைத்து, அவற்றுக்குள் பழைய சர்வர்களை எல்லாம் மென்பொருளாக ஓட வைப்பது. கேட்க எளிது. செய்வதும் இன்றைக்குப் பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் திட்டமிடுவதில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் 'எந்த சர்வர் வாங்கலாம்?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பரிந்துரைப்பது வேறு கேள்வி: 'இதில் ஒரு பெட்டி செத்துப்போகும் நாளில் என்ன நடக்க வேண்டும்?' அதற்குப் பதில் எழுதிவிட்டால் எத்தனை சர்வர், எவ்வளவு ராம், என்ன ஸ்டோரேஜ், எத்தனை ஸ்விட்ச் என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்தே வந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

உண்மையான இரும்புப் பெட்டிக்கு ஹோஸ்ட் என்று பெயர். அதன் மேல் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் உட்காரும். அது ஹோஸ்டின் சிபியு, ராம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் பங்கு பிரித்து, பல விர்ச்சுவல் மெஷின்களை, சுருக்கமாக விஎம்களை, உருவாக்கித் தரும். ஒவ்வொரு விஎம்மும் தன்னை ஒரு தனி கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். ஒன்றில் விண்டோஸ் ஓடும், பக்கத்திலேயே இன்னொன்றில் லினக்ஸ் ஓடும். ஒரு பெரிய வீட்டைப் பல குடித்தனங்களாகத் தடுத்து வாடகைக்கு விடுவதைப் போன்றது இது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிப் பூட்டு, தனிச் சமையல். ஆனால் கிணறும் மோட்டாரும் பொது. ஒரு வீட்டார் நாள் முழுக்க மோட்டாரை ஓடவிட்டால் மற்ற எல்லாருக்கும் தண்ணீர் குறையும்.

இது புதிய யோசனையே இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் மெயின்ஃப்ரேம்களில் இதைச் செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. நாம் பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி வகை சிபியுக்கள் இதற்கு ஏற்றவையாக வடிவமைக்கப்படவில்லை. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் மென்பொருள் சாமர்த்தியத்தால் அந்தத் தடையைத் தாண்டியது. பிறகு 2005, 2006இல் இன்டெல்லும் ஏஎம்டியும் சிபியுவுக்குள்ளேயே அதற்கான வசதியைச் சேர்த்தன. 2007இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர், லினக்ஸின் மையமான கெர்னலின் பகுதியானது. அதற்குப் பிறகு இது சிறிய அலுவலகங்களுக்கும் எட்டுகிற விஷயமாகிவிட்டது.

விஎம் என்பது கடைசியில் சில ஃபைல்கள்தான். அதனால் அதை ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தலாம், நகல் எடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே வேலை செய்பவருக்குத் தெரியாமல் இடம் மாற்றவும் முடியும். பராமரிப்பு வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் எல்லாரையும் வெளியேறச் சொல்ல வேண்டிய அவசியம் இதனால் பெருமளவு குறைகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

திட்டத்தின் முதல் வேலை கொள்முதல் அல்ல, கணக்கெடுப்பு. இப்போது இருக்கும் ஒவ்வொரு சர்வரையும் பட்டியலிட்டு, அதில் என்ன ஓடுகிறது, யார் பயன்படுத்துகிறார்கள், அது நின்றால் யார் போன் செய்வார்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியை விளையாட்டாகச் சொல்லவில்லை. யாருமே போன் செய்யமாட்டார்கள் என்றால் அந்த சர்வரை மெய்நிகராக்கத் தேவையில்லை, ஓய்வு கொடுத்தால் போதும்.

அப்புறம் உண்மையான பயன்பாட்டை அளக்க வேண்டும். சர்வரில் 64 ஜிபி ராம் போட்டிருக்கிறது என்பதற்காக அந்த வேலைக்கு 64 ஜிபி தேவை என்று அர்த்தமில்லை. வாங்கிய நாளில் யாரோ பெருந்தன்மையாகப் போட்டிருக்கலாம். விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர், லினக்ஸில் சார் என்ற கட்டளை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஜாபிக்ஸ் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. குறைந்தது ஒரு மாதம் ஓடவிடுங்கள். ஒரு வாரம் போதாது. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு, அடுத்த மாதம் 11, 20 தேதிகளை ஒட்டி ஜிஎஸ்டி தாக்கல் என்று வேலை ஏறும் நாட்கள் அந்த அளவுக்குள் வர வேண்டும். முடிந்தால் மார்ச் 31ஐயும் பார்த்துவிடுவது நல்லது.

சிபியு, ராம் இரண்டையும் எல்லாரும் அளப்பார்கள். டிஸ்கை விட்டுவிடுவார்கள். ஒரு நொடிக்கு எத்தனை முறை டிஸ்க்கில் எழுதுகிறது, படிக்கிறது என்ற எண்தான் ஐஓபிஎஸ். சாதாரண 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு முறையைத் தாண்டுவதே கஷ்டம். தனித்தனி சர்வரில் தனித்தனி டிஸ்க்கோடு ஓடிய பன்னிரண்டு வேலைகளைக் கொண்டுவந்து நான்கு ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஏற்றினால், சிபியு சும்மா இருக்கும்போதே எல்லாம் ஊர்ந்து போகும். 'விர்ச்சுவலுக்கு மாறினதிலிருந்து எல்லாம் ஸ்லோ' என்று கேள்விப்படும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதோடு ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகளை நிர்வாகத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இது எவ்வளவு நேரம் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம்? எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கலாம்? 'எதுவும் நிற்கக்கூடாது, எதுவும் போகக்கூடாது' என்று முதலில் சொல்வார்கள். அதற்கு ஆகும் செலவைச் சொன்னபின் பதில் மாறும். வருகைப் பதிவு அரை நாள் நின்றால் ஒன்றுமில்லை, ஈஆர்பி ஒரு மணி நேரம் நின்றால் லாரி கிளம்பாது என்ற மாதிரி தெளிவு வந்தால்தான் பணத்தை எங்கே போடுவது என்று தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

எண்கள் இல்லாமல் வடிவமைப்பு புரியாது. அதனால் ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 150 பேர் வேலை செய்யும் ஒரு உற்பத்தி நிறுவனம். பன்னிரண்டு பழைய சர்வர்கள். அளந்து பார்த்ததில், உச்ச நேரத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 220 ஜிபி ராம் தேவைப்படுகிறது. மூன்றாண்டு வளர்ச்சிக்காக 30 சதவீதம் சேர்த்தால் 286, முழுசாக 290 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். விஎம்களுக்கு மொத்தம் 70 விர்ச்சுவல் சிபியு. டேட்டா இப்போது 6 டிபி, மூன்றாண்டில் 9 டிபி ஆகும்.

மூன்று ஹோஸ்ட் போடுவோம். ஏன் மூன்று என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது 290ஐ மூன்றால் வகுத்து ஆளுக்கு 97 ஜிபி என்று கணக்குப் போட்டால் அங்கேயே திட்டம் தோற்றுவிட்டது. ஒரு ஹோஸ்ட் விழும் நாளில் மீதி இரண்டு ஹோஸ்டுகள் முழு 290 ஜிபியையும் தூக்க வேண்டும். அதாவது ஆளுக்கு 145. இதோடு ஹைப்பர்வைசருக்கும் ஸ்டோரேஜ் மென்பொருளுக்கும் ஒவ்வொரு ஹோஸ்டிலும் ஏறக்குறைய 30 ஜிபி ஒதுக்கினால் 175. கடைக்குப் போனால் இன்றைய பல சர்வர் சிபியுக்களில் எட்டு மெமரி சேனல்கள், அதாவது சிபியு ராமை எட்டும் பாதைகள். எட்டையும் சமமாக நிரப்பினால்தான் ராம் முழு வேகத்தில் ஓடும். 32 ஜிபி மாட்யூல் எட்டு போட்டால் 256 ஜிபி. 16 ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால் பாதி இடம் பின்னாளுக்குக் காலியாகக் கிடக்கும். வாங்குவது, பிழைகளைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி ராமாகத்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது மூன்று ஹோஸ்டிலும் சேர்த்து 768 ஜிபி இருக்கிறது. பயன்பாடு 290 மட்டும். திரையில் பார்ப்பவருக்கு நிறைய காலியாகத் தெரியும். யாராவது வந்து 'டெஸ்டிங்குக்கு ஒரு சர்வர் வேண்டும்' என்பார்கள். கொடுப்போம். அப்புறம் இன்னொன்று. இரண்டாண்டில் 600 ஜிபியைத் தொட்டிருக்கும், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டும் இருக்கும். ஒரு ஹோஸ்ட் விழும். மீதி இரண்டில் இருப்பது 512, அதில் 60 ஒதுக்கீடு போக 452. 148 ஜிபி அளவுள்ள விஎம்களுக்கு இடமே கிடையாது. அவை எழுந்திருக்காது. எனவே இந்த கிளஸ்டரின், அதாவது சேர்ந்து இயங்கும் இந்த ஹோஸ்டுகளின் கூட்டத்தின், உண்மையான கொள்ளளவு 768 அல்ல, 452. இந்த எண்ணை மானிட்டரிங் கருவியில் எச்சரிக்கை எல்லையாகவே போட்டுவிடுங்கள். நான் சொல்ல வந்த மொத்த விஷயத்தின் சாரமும் இந்தக் கழித்தலில் இருக்கிறது.

சிபியு கணக்கு இவ்வளவு கறார் இல்லை. ராமைப் போலன்றி சிபியுவைப் பல விஎம்கள் நேரம் பிரித்துப் பகிர்ந்துகொள்ளும். சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகளுக்கு கோர் என்று பெயர். பொதுவான அலுவலக வேலைகளுக்கு ஒரு உண்மையான கோருக்கு மூன்று நான்கு விர்ச்சுவல் சிபியு வரை தாங்கும். டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. ஹோஸ்டுக்கு 16 கோர் என்றால் இரண்டு ஹோஸ்டில் 32 கோர். 70 விர்ச்சுவல் சிபியுவை அதில் ஏற்றினால் ஒன்றுக்கு 2.2 வருகிறது. தாராளம்.

ஆனால் ஒவ்வொரு விஎம்முக்கும் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடக் கூடாது. மென்பொருள் விற்பவர் 8 கோர் வேண்டும் என்று தன் கையேட்டில் எழுதியிருப்பார். இரண்டில் தொடங்குங்கள். போதவில்லை என்றால் ஏற்றுவதற்கு ஒரு ரீஸ்டார்ட் போதும். எல்லாருக்கும் எட்டு எட்டாகக் கொடுத்தால் எல்லா விஎம்களும் ஒரே கோர்களுக்காக வரிசையில் நிற்கும். லினக்ஸ் விஎம்மில் டாப் கட்டளை போட்டால் 'எஸ்டி' என்று ஒரு எண் வரும். நமக்கு வர வேண்டிய சிபியு நேரத்தில் எவ்வளவு ஹைப்பர்வைசர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது என்பதன் அளவு அது. தொடர்ந்து ஐந்து, பத்து என்று காட்டினால் ஹோஸ்டில் கூட்டம் அதிகம் என்று பொருள்.

பதினாறு கோர் என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. விண்டோஸ் சர்வர் லைசென்ஸை ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் கணக்கில் வாங்க வேண்டும். விஎம்வேரும் ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர் என்றே கணக்கிடுகிறது. அதற்குக் கீழே வாங்கினாலும் 16க்குக் காசு கட்டுவீர்கள், மேலே போனால் ஒவ்வொரு கோருக்கும் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஒரே சிபியு, 16 கோர், அதிக கிளாக் வேகம் என்பது நடுத்தர நிறுவனத்துக்கு மிகச் சிக்கனமான அமைப்பு. இரண்டு சிபியு செருகும் இரண்டு சாக்கெட் சர்வர்தான் கம்பீரம் என்ற பழைய நினைப்பை விட்டுவிடலாம்.

டிஸ்க் எங்கே இருக்கும்?

வடிவமைப்பில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். விஎம்மின் டிஸ்க் ஃபைல் ஒரே ஒரு ஹோஸ்டுக்குள் இருந்தால், அந்த ஹோஸ்ட் விழுந்ததும் விஎம்மும் போய்விடும். மற்ற இரண்டு ஹோஸ்டில் ராம் காலியாக இருந்து என்ன பயன்? எனவே டிஸ்க் எல்லா ஹோஸ்டுக்கும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள். ஹோஸ்டுகளுக்கு வெளியே சான் என்ற தனி ஸ்டோரேஜ் பெட்டி வைப்பது பழைய வழி. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் விலை அதிகம், எல்லா டேட்டாவும் ஒரே பெட்டியில் இருக்கும். டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் இரண்டு இல்லாத மலிவான சான் பெட்டியை வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு ஹோஸ்டிலும் சொந்த டிஸ்க், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றங்களை மட்டும் அடுத்த ஹோஸ்டுக்கு நகலெடுப்பது. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை வைத்து ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் மென்பொருள் இதைச் செய்கிறது. வழக்கமான இடைவெளி 15 நிமிடம். ஹோஸ்ட் விழுந்தால் கடைசி 15 நிமிட வேலை வரை போகலாம். அது பரவாயில்லை என்று நிர்வாகம் எழுதிக்கொடுத்திருந்தால், சிறிய அலுவலகத்துக்கு இதுவே எளிமையான, மலிவான, எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

மூன்றாவது வழி, எல்லா ஹோஸ்டின் டிஸ்க்குகளையும் நெட்வொர்க் வழியாகச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக மாற்றுவது. செஃப், விஎம்வேரின் விசான் எல்லாம் இந்த வகை. செஃப் சாதாரணமாக ஒவ்வொரு டேட்டாவையும் மூன்று நகலாக, மூன்று வெவ்வேறு ஹோஸ்டில் வைக்கும். எழுதுவது மூன்றிலும் எழுதிய பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு. எதுவும் தொலையாது. ஆனால் இடத்தைச் சாப்பிடும்.

நம் மாதிரி நிறுவனத்துக்கே பார்க்கலாம். ஒவ்வொரு ஹோஸ்டிலும் 3.84 டிபி எஸ்எஸ்டி நான்கு போடுகிறோம். ஹோஸ்டுக்கு 15.36, மொத்தம் 46 டிபி. மூன்று நகல் என்பதால் பயன்பாட்டுக்கு 15.36 டிபிதான். அதுவும் முழுசாக அல்ல. ஒரு ஹோஸ்டில் ஒரு எஸ்எஸ்டி செத்தால், அதில் இருந்த நகலை அதே ஹோஸ்டின் மீதி மூன்று எஸ்எஸ்டிகள்தான் ஏற்க வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டு ஹோஸ்டுகளில் ஏற்கெனவே ஒவ்வொரு நகல் இருக்கிறது. மூன்று எஸ்எஸ்டி என்றால் 11.52 டிபி. செஃப் 85 சதவீதத்தில் எச்சரிக்கத் தொடங்கும், 95 சதவீதத்தில் எழுதுவதையே நிறுத்திவிடும். 11.52இல் 85 சதவீதம் 9.8 டிபி. ஆக, 46 டிபி வாங்கினால் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 9.8 டிபி. நம் தேவை 9 என்பதால் சரியாக இருக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் '46 டிபி இருக்கிறது' என்று நிரப்பிக்கொண்டே போன கிளஸ்டர் ஒரு எஸ்எஸ்டி போனதும் மொத்தமாக நின்றுவிடும்.

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒரே ஒரு வற்புறுத்தல். லேப்டாப்புக்குப் போடும் எஸ்எஸ்டியை இங்கே போடாதீர்கள். சர்வர் வகை எஸ்எஸ்டிகளில் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போன நொடியில் தற்காலிக மெமரியில் இருப்பதை எழுதி முடிக்க அவை உதவும். அந்தத் தைரியத்தில்தான், எழுதச் சொன்னதை எழுதிவிட்டதாக அவை உடனே உறுதி சொல்கின்றன. சாதாரண எஸ்எஸ்டியில் அது இல்லாததால் செஃபின் கீழே, இசட்எஃப்எஸின் கீழே வேகம் பரிதாபமாக இறங்கிவிடும்.

ஏன் மூன்று ஹோஸ்ட்?

இரண்டு ஹோஸ்ட் மட்டும் இருக்கிறது, நடுவில் உள்ள கேபிள் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று நினைக்கும். இரண்டுமே ஈஆர்பி விஎம்மைக் கிளப்பினால், ஒரே டேட்டாபேஸுக்கு இரண்டு பிரதிகள், இரண்டிலும் வெவ்வேறு பில்கள். இதைச் சரிசெய்வது நரகம். அதனால்தான் கிளஸ்டர் ஓட்டெடுப்பு நடத்துகிறது. பாதிக்கு மேல் ஓட்டு உள்ள பக்கம் மட்டும் வேலை செய்யலாம். மூன்று ஹோஸ்டில் ஒன்று பிரிந்தால் மீதி இரண்டுக்கும் பெரும்பான்மை இருக்கும், பிரிந்தது தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டு ஒதுங்கிவிடும். இரண்டு ஹோஸ்ட்தான் வாங்க முடியும் என்றால், ஓட்டுப் போட மட்டும் ஒரு சின்ன மூன்றாவது மெஷினை வைக்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸில் இதற்கு கியூடிவைஸ் என்று பெயர். பழைய டெஸ்க்டாப் ஒன்றுகூடப் போதும், ஆனால் அந்த இரண்டு ஹோஸ்டுக்கும் வெளியே இருக்க வேண்டும்.

ஹோஸ்ட் விழுந்தால் விஎம்களை வேறு ஹோஸ்டில் தானாக எழுப்பும் இந்த ஏற்பாட்டுக்கு ஹை அவைலபிலிட்டி என்று பெயர். அது இருந்தால் எதுவுமே நிற்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹோஸ்ட் விழுந்ததும் அதிலிருந்த விஎம்களும் கரண்ட் போன மாதிரி சட்டென்று அணைந்துவிடும். ஓரிரண்டு நிமிடம் கழித்து வேறு ஹோஸ்டில் புதிதாக பூட் ஆகும். பயனர் திரையில் பாதி தட்டிய பில் போயிருக்கும். இதை நிர்வாகத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நெட்வொர்க், மின்சாரம், குளிர்ச்சி

ஒரே கேபிளில் எல்லாம் போகக் கூடாது. பயனர்களின் டிராஃபிக், ஸ்டோரேஜ் டிராஃபிக், ஹோஸ்டுகள் தங்களுக்குள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் துடிப்பு, ஹைப்பர்வைசரைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத் திரை ஆகிய நான்கையும் பிரிக்க வேண்டும். சிலவற்றை, ஒரே கேபிளைப் பல தனி நெட்வொர்க்குகளாகத் தடுக்கும் விலேனால் பிரித்தால் போதும். ஆனால் ஸ்டோரேஜுக்குத் தனிப் போர்ட், குறைந்தது 10 ஜிகாபிட். 1 ஜிகாபிட் கேபிளில் 1 டிபி டேட்டா போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், 10 ஜிகாபிட்டில் கால் மணி நேரம். அந்தத் துடிப்புக்கும் தனியாக ஒரு 1 ஜிகாபிட் போர்ட் கொடுங்கள். ஸ்டோரேஜ் நெரிசலில் துடிப்பு தாமதமானால், நன்றாக இருக்கும் ஹோஸ்டே செத்ததாகக் கருதப்பட்டு ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்விட்சும் இரண்டு வேண்டும். மூன்று ஹோஸ்ட் வைத்துவிட்டு ஒரே ஸ்விட்சில் செருகினால் பாதிப் பணம் வீண்.

நிர்வாகத் திரை பயனர்களின் நெட்வொர்க்கிலிருந்து எட்டவே கூடாது, இன்டர்நெட்டிலிருந்து நிச்சயமாகக் கூடாது. 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர், அதாவது டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விஎம்வேர் ஹோஸ்டுகளைப் பூட்டியது. அந்தத் தாக்குதலோடு தொடர்புபடுத்தப்பட்ட ஓட்டைக்கு விஎம்வேர் 2021 பிப்ரவரியிலேயே தீர்வு வெளியிட்டிருந்தது. பேட்ச் போடாமலும் இன்டர்நெட்டுக்குத் திறந்தும் வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள். ஒரு ஹோஸ்ட் போனால் அதிலுள்ள பத்து சர்வரும் போகும் என்பது மெய்நிகராக்கத்தின் மறுபக்கம். பாதுகாப்பை அதற்கேற்ப இறுக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். ஹோஸ்டுக்கு 400 வாட், ஸ்விட்ச், பேக்கப் மெஷினுக்கு 200 வாட் என்றால் மொத்தம் 1.4 கிலோவாட். ஒவ்வொரு ஹோஸ்டிலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும். இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகாமல் தனித்தனி யுபிஎஸ்ஸில் செருகுங்கள். ஒரு யுபிஎஸ் போனால் மற்றதே முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் 1.4 கிலோவாட்டுக்கு மேல் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இழுக்கும் மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் வெளிவரும். ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் வெப்பத்தை இழுக்கும் என்பதால் நமக்கு அரை டன்னுக்கும் குறைவாகவே தேவை. ஆனால் கரண்ட் போனால் அந்த ஏசி ஜெனரேட்டரில் ஓடுமா என்று கட்டாயம் கேளுங்கள். சர்வர்கள் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்க ஏசி மட்டும் நின்றால், மே மாத மத்தியானத்தில் மூடிய அறை எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீண்ட மின்வெட்டுக்குப் பின் எல்லாம் ஒன்றாக எழும்போது இன்னொரு சிக்கல் காத்திருக்கும். பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், லாகின் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி இரண்டும் விஎம்களாகக் கிளஸ்டருக்குள் இருக்கின்றன. ஹோஸ்டோ ஸ்டோரேஜைத் தேட டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது. டிஎன்எஸ் எழ ஹோஸ்ட் எழ வேண்டும், ஹோஸ்ட் எழ டிஎன்எஸ் வேண்டும். எனவே ஹோஸ்டுகள் ஒன்றையொன்று ஐபி முகவரியாலேயே அறிந்திருக்கட்டும். நிர்வாகத் திரைக்கு ஆக்டிவ் டைரக்டரி இல்லாமலே நுழைய ஒரு கணக்கு இருக்கட்டும். விஎம்கள் எழும் வரிசையையும் குறித்துவிடுங்கள்: முதலில் டைரக்டரி, பிறகு டேட்டாபேஸ், அதன் பிறகே அதை நம்பியிருக்கும் மென்பொருள்கள்.

எந்த ஹைப்பர்வைசர்?

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை பலரும் யோசிக்காமல் விஎம்வேர் என்பார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அந்த நிறுவனத்தை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, சந்தாவுக்கு மாற்றியது. தரத்தில் குறையில்லை. ஆனால் சிறிய நிறுவனங்களுக்கு விலை தாங்கவில்லை. விண்டோஸ் சர்வரோடு வரும் ஹைப்பர்-வி, விண்டோஸ் விஎம்கள் மட்டுமே அதிகம் இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். வியன்னாவைச் சேர்ந்த ப்ராக்ஸ்மாக்ஸ், டெபியன் லினக்ஸும் கேவிஎம்மும் சேர்ந்த கட்டற்ற மென்பொருள். கிளஸ்டர், செஃப், பேக்கப் எல்லாம் உள்ளேயே வருகின்றன, சந்தா விருப்பம்தான். லினக்ஸ் கமாண்டுக்குப் பயப்படாத ஒருவராவது அலுவலகத்தில் இருந்தால் இன்று நான் இதையே சொல்வேன். அப்படி ஒருவர் இல்லை என்றால் உங்களிடம் இருக்கும் ஆளுக்குத் தெரிந்ததைத் தேர்ந்தெடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் சரிசெய்யப் போகிறவர் அவர்தான்.

விண்டோஸ் லைசென்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்டாண்டர்ட் எடிஷனில் ஒரு ஹோஸ்டின் எல்லா கோருக்கும் லைசென்ஸ் எடுத்தால் அங்கே இரண்டு விண்டோஸ் விஎம் ஓடலாம். ஆனால் விஎம் இடம் மாறும்போது லைசென்ஸும் கூடவே மாறாது. அது எந்தெந்த ஹோஸ்டுக்குப் போக வாய்ப்பிருக்கிறதோ அங்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும். ஆறு விண்டோஸ் விஎம்களை மூன்று ஹோஸ்டிலும் உலவ விட்டால் செலவு எகிறும். விண்டோஸ் விஎம்களை இரண்டு ஹோஸ்டுக்குள் மட்டும் கட்டிப்போடுவது நல்ல வழி. எண்ணிக்கை கூடினால் ஒரு கட்டத்தில் வரம்பில்லாத டேட்டாசென்டர் எடிஷனே மலிவாகிவிடும். கொட்டேஷன் இரண்டுக்கும் வாங்கிப் பாருங்கள்.

பேக்கப்பும் இடமாற்றமும்

செஃப் மூன்று நகல் வைத்திருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. யாரோ ஒரு ஃபோல்டரை அழித்தால் மூன்று நகலிலும் அதே நொடியில் அழியும். விஎம்மின் அந்த நொடி நிலையைக் குறித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டும் பேக்கப் இல்லை, அது அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. டேட்டாவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகை இடங்கள், ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்பது நெடுநாள் நடைமுறை. பேக்கப் மெஷின் தனி இரும்பாக, கிளஸ்டருக்கு வெளியே, ஆக்டிவ் டைரக்டரியில் சேராமல், தனிப் பாஸ்வேர்டோடு இருக்க வேண்டும். ரான்சம்வேர்காரர்கள் உள்ளே வந்ததும் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான்.

பேக்கப் ஓடுகிறது என்ற பச்சை விளக்கை நம்பாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு விஎம்மை எடுத்து வேறு பெயரில், தனி நெட்வொர்க்கில் மீட்டுப் பாருங்கள். கடிகாரம் வைத்துப் பாருங்கள். 500 ஜிபி விஎம்மை 1 ஜிகாபிட் கேபிளில் மீட்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஈஆர்பி ஒரு மணி நேரத்துக்குள் எழ வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம் என்றால், பேக்கப் மெஷினுக்கும் 10 ஜிகாபிட் போர்ட் வேண்டும் என்பது இங்கேதான் தெரியவரும்.

கடைசியாக, பழைய சர்வர்களை உள்ளே கொண்டுவருவது. எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஆக்டிவ் டைரக்டரி சர்வரை நகலெடுக்கவே வேண்டாம். புதிய விஎம் ஒன்றை நிறுவி டைரக்டரியில் சேர்த்தால் அது தானே டேட்டாவை வாங்கிக்கொள்ளும், பிறகு பழையதை முறைப்படி விலக்கலாம். நிறுவ சிடியே இல்லாத பழைய மென்பொருள் ஓடும் சர்வரைத்தான் டிஸ்க்கோடு நகலெடுப்போம். லைசென்ஸைச் சரிபார்க்கும் யுஎஸ்பி டாங்கிள் என்ற சின்னச் சாதனத்தைச் செருகினால்தான் ஓடும் மென்பொருள் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். டாங்கிளை ஒரு ஹோஸ்டில் செருகினால் அந்த விஎம் அங்கேயே கட்டுண்டுவிடும். யுஎஸ்பியை நெட்வொர்க் வழியாகத் தரும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினால் விஎம் எங்கே போனாலும் டாங்கிள் கிடைக்கும். நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும் சிசிடிவி ரெக்கார்டரை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

எளிதானதை முதலில் நகர்த்துங்கள்: வருகைப் பதிவு, உள் இணையதளம் போன்றவை. ஈஆர்பியைக் கடைசியில், மாதக் கடைசியோ ஜிஎஸ்டி தேதியோ இல்லாத ஒரு வார இறுதியில். எல்லாம் உள்ளே வந்ததும், யாரும் வேலை செய்யாத ஒரு ஞாயிறு காலையில் ஒரு ஹோஸ்டின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கிப் பாருங்கள். எந்த விஎம் எத்தனை நிமிடத்தில் எழுந்தது, எது எழவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். எழாததைச் சரிசெய்துவிட்டு மறுபடி பிடுங்குங்கள். பழைய சர்வர்களை ஒரு மாதச் சுழற்சி முடியும்வரை அணைத்து வைத்திருந்து, அதன் பிறகு டிஸ்க்கை அழித்துக் கொடுத்துவிடலாம். ராம் 452ஐயோ டிஸ்க் 9.8ஐயோ நெருங்கும்போது நான்காவது ஹோஸ்டுக்குக் கொட்டேஷன் கேளுங்கள். ஆர்டர் கொடுத்து சர்வர் வந்து சேரும்வரை வாரக்கணக்கில் ஆகும் என்பதால், 80 சதவீதத்திலேயே கேட்பது நல்லது.